42,500 ரூபா குடுத்து மூண்டரை வருசம் ஓடின ஹாட் டிஸ்க்கைப் புதுசெண்டு வாங்கிப்போட்டன்

இப்பதான் கடையில இருந்து வந்தனான், ஆத்திரம் அடங்கேல்ல, எழுத்துப்பிழை இருந்தா கணக்கெடுக்காதேங்கோ. யாழ்ப்பாணம் டவுனுக்குள்ள ஒரு கொம்பியூட்டர் கடை. பேர் போடேல்ல.

வீட்டில பழைய டெஸ்க்ரொப் ஒண்டில டெபியன் எண்ட லினக்ஸ் போட்டு சின்னச் சேர்வர் ஒண்டு ஓடுது, குடும்பப் படங்கள், அப்பாவின்ர காணி உறுதி ஸ்கான் பண்ணினது எல்லாம் அதுக்குள்ளதான். இடம் முட்டிப் போச்சு, 4 ரெராபைட் டிஸ்க் ஒண்டு பாக்கப் போனனான். கடைக்காரர் விலை சொல்ல முதலே எந்த ஊர் எண்டு கேட்டார். கொக்குவில் எண்டன். ஆற்ற மகன் எண்டார், சொன்னன். "அட, கொப்பரும் நானும் ஒரே வகுப்பு தம்பி" எண்டு சோடா ஒண்டு உடைச்சுத் தந்தார் பாருங்கோ, அதிலதான் நான் விழுந்தனான். டிஸ்க் வெறும் வெள்ளிக் கவருக்குள்ள இருந்தது. பெட்டி எங்கை அங்கிள் எண்டு கேக்க, மொத்தமா வாற சாமானுக்குப் பெட்டி இல்லையாம். திருகாணி ஓட்டையளைச் சுத்தி வட்டமாத் தேய்ஞ்சு பளபளவெண்டு கிடந்ததை என்ர கண்ணாலதான் பாத்தனான், அதுக்கும் "கொம்பனியில டெஸ்ட் பண்ணின அடையாளம்" எண்டார், நானும் ஓமெண்டு தலையாட்டி 42,500ஐ எண்ணிக் குடுத்தன். (பிறகு அப்பாட்டக் கேட்டா அப்பிடி ஒருத்தரோட தான் படிக்கவே இல்லையாம்.)

அண்டிரவே ஸ்மார்ட் றீடிங், அதாவது டிஸ்க் தன்ர ஓட்டத்தையும் பழுதையும் தானே எழுதி வைக்கிற கணக்கைப் பாத்தனான். ஓடின நேரம் 3 மணித்தியாலம் எண்டு காட்டிச்சு, நிம்மதியாப் படுத்தன். மூண்டாம் கிழமை கொப்பி பண்ணேக்க அப்பிடியே இறுகி நிண்டிட்டுது, பாத்தா பென்டிங் செக்டர், அதாவது டிஸ்க்கால சரியா வாசிக்கேலாமக் கிடக்கிற இடங்கள், 88. ஜெர்மனியில இருக்கிற மச்சானுக்குச் சொல்ல, "டேய், 2025 தொடக்கத்தில இஞ்ச இதே களவு பிடிபட்டது, பாவிச்ச டிஸ்க்கில ஸ்மார்ட் கணக்கை அழிச்சுப்போட்டுப் புதுசெண்டு வித்தவங்கள், பார்ம் லொக்கைப் பார்" எண்டான். பார்ம் லொக் எண்டது ஸ்மார்ட்டுக்குப் புறம்பா சில டிஸ்க்கில மட்டும் இருக்கிற தனிக் கணக்கு, அதைப் பாக்க ஸ்மார்ட்மொன்ரூல்ஸ் எண்ட சொப்ட்வேர் 7.4 ஆவது வேணும், என்னட்ட இருந்தது 7.3. புதுசு போட்டுப் பாத்தா 31,240 மணித்தியாலம்! மூண்டரை வருசம் எங்கையோ இரவு பகலா ஓடிக் களைச்ச சாமான்.

கடைக்கு ஓடினன். முதல் நாள், "கரண்ட் கட்டில பழுதாக்கியிருப்பீர்". யூபிஎஸ் இருக்கு எண்டன், பிறகு "அந்த சொப்ட்வேர் பிழையாக் காட்டும்". ரெண்டாம் முறை கொழும்புக்கு அனுப்போணுமாம், பத்து நாள். வட்சப்பில போட்டா நீலக்கோடு மட்டும் விழும், பதில் இல்லை. இண்டைக்கு என்ன சொன்னவர் தெரியுமோ, "பழைய டிஸ்க்தானே தம்பி, 12,000 எண்டா எடுக்கிறன்". விக்கேக்க புதுசு 42,500, நான் திருப்பிக் குடுக்கேக்க பழசு 12,000!

டிஸ்க் வாங்கிறது எப்பிடி எண்டு வடிவா எழுதித்தாறன் எண்டு ரெண்டு மூண்டு பேருக்குச் சொல்லியிருந்தனான், இப்ப மண்டை ஓடேல்ல. பில்லில சீரியல் நம்பர் எழுதுவியுங்கோ, என்ர பில்லில "எச்டிடி 4" எண்டு மட்டும்தான் கிடக்கு. காசு குடுக்க முதல் போனிலயே அந்த நம்பரைக் கொம்பனிச் சைற்றில அடிச்சு வாரண்டி இருக்கோ எண்டு பாருங்கோ. வாங்கின அண்டைக்கே டிஸ்க் முழுக்க எழுதி வாசிச்சுப் பாருங்கோ, நாள் எடுக்கும், பரவாயில்லை. பழைய டிஸ்க்கை உடன அழிக்காதேங்கோ, நான் அழிக்காதபடியாத்தான் உறுதி ஸ்கான் தப்பினது.

திங்கக்கிழமை பாவனையாளர் அதிகார சபைக்கு, 1977 எண்ட போன் நம்பருக்கு, அடிக்கப்போறன். பில்லில சீரியல் இல்லாமல் அவை எடுப்பினமோ தெரியேல்ல. இதே மாதிரி ஆரும் முறைப்பாடு குடுத்து வெண்டிருந்தா கீழ எழுதுங்கோ.