ஸ்கோர் இரண்டு மடங்கு, என் நகரத்தில் இரண்டே ஃப்ரேம்

ஏழு வருடம் உழைத்த ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி) மாட்டி மூன்று மாதம் ஆகிறது. மாட்டிய அன்றே, கம்ப்யூட்டரின் கேமிங் வேகத்தை அளந்து ஸ்கோர் தரும் 3டிமார்க் டைம் ஸ்பை சோதனையை ஓட்டினேன். கிராபிக்ஸ் ஸ்கோர் பழையதைப் போல இரண்டு மடங்கு! அதே சந்தோஷத்தோடு, நகரம் கட்டும் கேமான சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸைத் திறந்தேன். ஒரு லட்சம் பேர் வாழும் என் நகரம் பழைய கார்டில் நொடிக்கு 28 ஃப்ரேமில் ஓடியது. இப்போது 30.

கார்டு மேல் தப்பில்லை. அந்த கேமில் ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு வண்டியும் எங்கே போகவேண்டும் என்று கணக்குப் போடுவது பிராசஸர். என்னுடையது 2018-இல் வந்த ரைசன் 5 2600. அது கணக்கை முடித்துக் கொடுக்கும்வரை கார்டு காத்திருக்கத்தான் வேண்டும். டைம் ஸ்பையில் பிராசஸருக்குத் தனி ஸ்கோர் உண்டு. அதை நான் அன்று பார்க்கவே இல்லை.

சைபர்பங்க் 2077-இல் கார்டு நன்றாகவே உழைக்கிறது. 1080பி ரெசல்யூஷன், ஹை செட்டிங்ஸ். கேமுக்குள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க்கில் சராசரி 70. பழைய கார்டு 35-ஐத் தாண்டியதில்லை. ஆனால் கூட்டமான சந்தைக்குள் நடந்தால் 50-க்குக் கீழே இறங்கி, அங்கங்கே வெட்டி வெட்டி ஓடுகிறது. 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். நடுவில் ஒன்று மட்டும் 50 மில்லி செகண்ட் எடுத்தாலும் மவுஸ் பிடித்த கைக்குத் தெரிந்துவிடும், சராசரியில் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது 1% லோ எண்ணைத்தான், அதாவது மிக மெதுவாக வரும் ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகத்தை.

ஸ்கோரில் வராத ஒரு நல்லதும் உண்டு. டெக்ஸ்சரை (சுவர், தரை மேல் ஒட்டப்படும் படங்களின் தரத்தை) உச்சத்தில் வைத்தால் பழைய கார்டின் 6 ஜிபி மெமரியில் சுவர்கள் முதலில் மங்கலாக வந்து, அப்புறம்தான் தெளியும். 12 ஜிபியில் அது அடியோடு நின்றுவிட்டது. எனக்கு இந்த ஒன்றுக்கே கார்டு பிடித்துப்போயிற்று.

புதுக் கார்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் உங்கள் கேமின் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கி ஓடவிடுங்கள். கார்டின் வேலை குறைந்தும் ஃப்ரேம் கூடவில்லையா? தடை பெரும்பாலும் பிராசஸரில்தான். ஐந்து நிமிட வேலை, நான் செய்யாமல் விட்டது.

சரி, அடுத்து ரைசன் 5 5600. பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் செய்தால் என் பழைய மதர்போர்டிலேயே உட்காரும். அது வந்ததும் முதலில் என் நகரத்தைத்தான் திறப்பேன்.