மதிலோரம் ஒரே ஒரு பழமரம்: மாவா, கொய்யாவா, எலுமிச்சையா, பப்பாளியா?

வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே எட்டடி அகலம். தலைக்கு மேலே மின்கம்பி, மதிலுக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டு ஜன்னல். சென்னைப் புறநகரில் எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்கு மிஞ்சியிருக்கும் தோட்டம் இவ்வளவுதான். இதில் ஒரு மரம் வைக்கலாம். இரண்டு வைத்தால் இரண்டும் நோஞ்சானாக நிற்கும்.

எந்த மரம் என்று கேட்டால் பலரும் பழத்தின் ருசியைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, வெட்டினால் அந்த மரம் என்ன செய்யும் என்பதை. குறுகலான இடத்தில் ஆண்டுதோறும் கவாத்து செய்யாமல், அதாவது கிளைகளை வெட்டி அடக்காமல், தப்ப முடியாது.

மாமரத்தில்தான் எல்லோருக்கும் ஆசை. கொட்டை போட்டு முளைத்த கன்றை இங்கே நினைக்கவே வேண்டாம். ஒட்டுக்கன்று என்றால் ஆம்ரபாலி. வட இந்தியத் தசேரி மாவையும் நம் ஊர் நீலம் மாவையும் கலந்து தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகம் அது. குட்டையாக நிற்கும், ஆண்டு தவறாமல் காய்க்கும், இரண்டரை மீட்டர் இடைவெளியிலேயே நடலாம். இத்தனை நல்ல குணம் இருந்தும் ஒரு சிக்கல்: முற்றிய கிளையின் நுனியில்தான் மா பூக்கும். அறுவடை முடிந்த கையோடு வெட்டிவிட்டால் புதுத் தளிர் முற்றுவதற்கு அவகாசம் இருக்கும். முன்பு குடியிருந்த வீட்டில், கம்பியில் உரசுகிறதே என்று கார்த்திகையில் வெட்டிவிட்டேன். அந்தக் கோடையில் ஒரு பிஞ்சுகூட இல்லை. வெட்டிய இடமெல்லாம் செம்பு நிறத்தில் தளிர் மட்டும் தொங்கியதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

பப்பாளி அவசரக்காரர்களுக்கு ஏற்றது. நட்டுப் பத்து மாதத்தில் பழம் கிடைத்துவிடும். ஒரே மரம்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் காய்க்காத ஆண் மரம் வராத கோ.3, கோ.7, ரெட் லேடி போன்ற ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் ஐப்பசி மழையில் வேரடியில் தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். தேங்காவிட்டாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் விளைச்சல் குறைந்துவிடும், பிறகு புதுக் கன்று வைக்க வேண்டியதுதான்.

எலுமிச்சையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினமும் சமையலறைக்குப் பயன்படும் காய் அது ஒன்றுதான். ஆனால் விதைக்கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். குழந்தைகள் ஓடுகிற சந்தில் அந்த முள் ஆபத்து. இளந்தளிரில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது எச்சமல்ல, வண்ணத்துப்பூச்சியின் புழு. இரண்டு நாள் கவனிக்காவிட்டால் சின்னக் கன்றை மொட்டையடித்துவிடும்.

என் தேர்வு கொய்யாதான். காரணம், அது புதுத் தளிரில் பூக்கிற மரம். மா எதற்காகக் கோபித்துக்கொண்டதோ, அதையே கொய்யா விருந்தாக எடுத்துக்கொள்கிறது. மாசி பங்குனியில் ஒருமுறை, புரட்டாசி வாக்கில் ஒருமுறை கிளை நுனிகளை அரை அடி அளவுக்கு வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து அதிலேயே மொட்டு வரும். நிமிர்ந்து போகும் கொப்பை வளைத்துக் கயிற்றால் தரையில் அடித்த முளையில் கட்டினாலும் அப்படியே. கையெட்டும் உயரத்தில் ஆண்டுக்கணக்காக வைத்திருக்கலாம்.

கொய்யாவுக்கும் எதிரி உண்டு: பழ ஈ. வெளியே மஞ்சளாக மினுங்கும் பழத்தைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். காய் எலுமிச்சை அளவு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் காகித உறை மாட்டிக் காம்பில் நூலால் கட்டுகிறேன். ஐம்பது காய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். பழுத்தது கண்ணுக்குத் தெரியாது; உறையருகே மூக்கை வைத்தால் வாசனை சொல்லிவிடும்.

லக்னோ-49 என்ற கொய்யா ரகத்தில், கிளையிலேயே வேர்விடச் செய்து பிரித்தெடுத்த பதியன் கன்றாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் ஆண்டிலேயே காய் பார்க்கலாம். கழிவுநீர்த் தொட்டியை விட்டுத் தள்ளி, அரைநாள் வெயிலாவது விழுகிற இடத்தில் நடுங்கள். வேர்பிடித்துத் துளிர்த்ததும் இரண்டடி உயரத்தில் நுனியை வெட்டிவிடுங்கள். ஆசையாக வளர்கிற கன்றில் கத்தி வைக்க மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள்.