முழுசாகத் திறப்பதா, இறுக்கிப் பிடிப்பதா? ஹேன்ஸ்வில் கிணறுகளின் சோக் சண்டை

லூசியானாவின் வடமேற்கு மூலையிலும் அதையொட்டிய கிழக்கு டெக்சாஸிலும், ஏறத்தாழ 10,500 முதல் 13,500 அடி ஆழத்தில் கிடக்கிறது ஹேன்ஸ்வில் ஷேல் என்ற, எரிவாயு பொதிந்த களிப்பாறை அடுக்கு. 2008இல் அங்கே எரிவாயுவுக்கு அடிதடி தொடங்கியது. கிணற்றின் தலையில் வாயு வெளியேறும் துவாரமான சோக்கை எவ்வளவு திறப்பது என்பதில் கம்பெனிகள் இரண்டு கட்சியாகின. ஒரு கட்சி 24/64 அங்குலம், சில நேரம் அதற்கும் மேலே திறந்து, நாளுக்கு 2 கோடி கன அடி என்று அறிக்கை விட்டது. 2010இல் பெட்ரோஹாக் போன்ற கம்பெனிகள் எதிர்த் திசையில் போயின: 14/64 அங்குலம், அவ்வளவுதான். துவாரத்தின் பரப்பில் இது மூன்றில் ஒரு பங்கு. தொடக்க உற்பத்தி பாதியளவுக்குச் சரியும் என்று தெரிந்தேதான் செய்தன.

காரணம் பாறைக்குள் இருக்கிறது. 12,000 அடி ஆழத்தில் மேலிருக்கும் பாறைகளின் எடை சுமார் 12,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). நுண்துளைகளுக்குள் இருக்கும் வாயு அதை உள்ளிருந்து தாங்குகிறது. ஹேன்ஸ்வில்லில் அந்த அழுத்தம் அடிக்கு 0.9 பிஎஸ்ஐ வரை போகும், அதாவது 10,800 பிஎஸ்ஐ. ஆக, பாறை உண்மையில் சுமப்பது வெறும் 1,200தான். கிணற்றடியில் அழுத்தத்தை 2,000க்கு இறக்கினால் அந்தச் சுமை 10,000 ஆகிறது, எட்டு மடங்குக்கும் மேல். (பக்கவாட்டு அழுத்தமும் கூடவே கொஞ்சம் குறைவதால் நிஜத்தில் இவ்வளவு இராது. ஆனாலும் திசை இதுதான்.)

இறுகிய பாறையில் வாயு போகும் வழி பெரும்பாலும் மெல்லிய பிளவுகள். பிளவில் பாயும் அளவு அதன் அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. அகலம் பாதியானால் பாய்ச்சல் எட்டில் ஒரு பங்கு. ஆய்வகமும் இதையே சொல்கிறது. 1968இல் பிரேஸ், வால்ஷ், ஃபிராங்கோஸ் மூவரும் வெஸ்டர்லி கிரானைட்டை அழுத்தியபோது, ஊடுருவுதிறன், அதாவது பாறை வழியே வாயு எவ்வளவு எளிதாகப் போகும் என்ற அளவு, 100 பாரில் (ஒரு பார் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ) 350 நானோடார்சியாக இருந்து, 4,000 பாரில் 4க்கு வந்துவிட்டது. 1972இல் தாமஸும் வார்டும் இறுகிய மணற்பாறைத் துண்டுகளைச் சோதித்தபோது, 3,000 பிஎஸ்ஐ சுமையில் ஊடுருவுதிறன் தொடக்க அளவில் 14 முதல் 37 சதவீதம்தான் மிஞ்சியது. துளைகளின் மொத்த இடம் அவ்வளவாகக் குறையவில்லை, வழிதான் சுருங்கியது.

இதைப் படித்ததும் இறுக்கிப் பிடிக்கிற கட்சிதான் சரி என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். திறந்துவிடு என்பவர்களிடம் ஒரு வலுவான கேள்வி இருக்கிறது: இன்றோ நாளையோ அழுத்தம் எப்படியும் 2,000க்கு இறங்கத்தானே போகிறது? ஊடுருவுதிறன் அந்த நேரத்துச் சுமையை மட்டும் பொறுத்தது, சுமை குறைந்தால் பழையபடி விரியும் என்றால், மெதுவாக எடுப்பதால் வருகிற வாயு கூடாது, தாமதமாக வரும், அவ்வளவே. இந்த வாதத்தை மறுதரப்பு பல நேரம் கண்டுகொள்வதே இல்லை. போதாததற்கு, அழுத்தம் குறையும்போது வாயு துளைச் சுவரில் வழுக்கிப் போவது கூடி, இழப்பில் சிறு பங்கை ஈடுகட்டும். 1941இலேயே கிளிங்கன்பெர்க் சொன்ன விஷயம் இது.

அப்படியானால் இறுக்குவதில் லாபம் எங்கே? திரும்ப வராத சேதத்தில். கிணறு வெட்டியதும் உயர் அழுத்த நீரால் பாறையைப் பிளந்து, அந்த விரிசலைத் திறந்து வைக்க உள்ளே தள்ளிய மணல் நொறுங்குகிறது, மென்மையான களிச் சுவரில் புதைகிறது, வேகமான ஓட்டத்தில் கிணற்றுக்குள் திரும்பியும் வருகிறது. நொறுங்கிய மணல் மறுபடி முழுசாகாது. இதெல்லாம் முதலில் நடப்பது, அழுத்தச் சரிவு மிகக் கடுமையாக இருக்கும் கிணற்றோரத்தில். அந்தக் குறுகிய கழுத்து மூடிக்கொண்டால், தொலைவில் நல்ல அழுத்தத்தோடு இருக்கும் வாயுவுக்கும் வழி அடைபடும். சோக்கை இறுக்குவது அந்தக் கழுத்துக்கான காப்பு.

பணக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். 2008 ஜூலையில் பத்து லட்சம் பிடியுவுக்கு (வெப்ப அலகு) 13 டாலர் தாண்டிய எரிவாயு விலை 2009 செப்டம்பரில் 3 டாலருக்குக் கீழே போனது. விலை விழுந்த காலத்தில் மெதுவாக எடுப்பது பெரிய தியாகம் இல்லை. கடனுக்கு வட்டி கட்டுகிறவருக்கு மட்டும் முதல் மாதத்துக் காசுதான் காசு.

ஹேன்ஸ்வில்லில் என் ஓட்டு, முதல் சில மாதங்களாவது இறுக்குவதற்கே. உறுதியான பீங்கான் மணிகளுக்குப் பதில் சாதா மணல் போட்டிருந்தால் இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். இதையே டெக்சாஸின் இன்னொரு ஷேலான பார்னெட்டுக்குச் சொல்ல மாட்டேன். அங்கே 7,500 அடியில், அடிக்கு 0.52 பிஎஸ்ஐ என்று வைத்தால், தொடக்கச் சுமையே 3,600. கிணற்றடி அழுத்தத்தை 1,000க்கு இறக்கினாலும் 6,500தான், இரண்டு மடங்கு கூட இல்லை. தாராளமாகத் திறக்கலாம்.

அப்புறம், இரண்டு கட்சிக் கிணறுகளையும் நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பதானால் முதல் மாத உற்பத்தியை ஒதுக்கிவிட்டு மூன்றாம் ஆண்டு வரையிலான மொத்தத்தைப் பாருங்கள். கிணறு பாறைக்குள் கிடையாகப் போகும் பகுதியின் நீளத்தையும் அடிக்கு எவ்வளவு மணல் என்பதையும் சமன் செய்யாமல் பார்த்தால், பின்னால் தோண்டிய நீளமான கிணறுகளின் வெற்றி சோக்கின் கணக்கில் ஏறிவிடும்.