யன்னல் கழுவ சுத்தத் தண்ணீர்: ஆர்ஓவும் தாங்கியும் வைத்துப் பிழைத்த என் அனுபவம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் எப்போதும் ஒரு வெள்ளைப் படை இருக்கும். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கப் படியும். லண்டனுக்கு வந்து ஹரோவில் வீடு எடுத்த முதல் கிழமையே அதே வெள்ளைப் படையை இங்கே குசினியிலும் பார்த்தேன். இங்கும் நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறைதான். அந்தப் படையோடு தொழில் ரீதியாக மல்லுக்கட்டப் போகிறேன் என்று அப்போது நினைக்கவில்லை.

2018இல் ஊர்க்கார அண்ணை ஒருவரிடம் யன்னல் கழுவும் வேலைக்குப் போனேன். அவரது வான் வண்டிக்குள் தண்ணீர்த் தாங்கி, சுருள் குழாய், நீண்ட காபன் பைபர் தடி, அதன் நுனியில் பிரஷ். நிலத்தில் நின்றபடியே மூன்றாம் மாடி வரை கழுவலாம். 2005இல் உயரத்தில் வேலை செய்வது பற்றிய சட்டவிதிகள் வந்த பிறகுதான் இந்த முறை பிரித்தானியாவில் நன்றாகப் பரவியது. தவிர்க்கக்கூடிய இடத்தில் உயரத்தில் ஏறி வேலை செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்பது விதி. முதல் நாளே அண்ணை சொன்னார்: "தம்பி, குழாய்த் தண்ணியை மட்டும் இந்தத் தாங்கிக்குள்ள விட்டுடாதை. காஞ்ச பிறகு வீட்டுக்காரர் திரும்பக் கூப்பிடுவினம்."

இந்த முறையில் கண்ணாடியைத் துடைப்பதே இல்லை. பிரஷால் தேய்த்து, அலசி, அப்படியே காய விடுவோம். துளி காயும்போது தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்தது எல்லாம் கண்ணாடியில் தங்கிவிடும். அதனால் கரைந்த உப்பே இல்லாத தண்ணீர் வேண்டும். கரைந்திருப்பது எவ்வளவு என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு) கீழே இருந்தால் சமாளிக்கலாம். 000 என்றால் நிம்மதி. என் வீட்டுக் குழாயில் அந்த மீட்டர் 310 காட்டும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் இதைச் செய்து காட்டுவதுண்டு. பழைய கறுப்புக் கண்ணாடித் துண்டொன்றில் மூன்று சொட்டு வைப்பேன்: குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் (அழுத்தம் கொடுத்து மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக வடித்தது; உப்பு கழிவுத் தண்ணீரோடு வெளியே போய்விடும்), ரெசின் மணிகளைத் தாண்டி வந்த தண்ணீர். வெயிலில் காய்ந்ததும் முதல் சொட்டு இருந்த இடத்தில் சுண்ணாம்பால் வரைந்தது போல வெள்ளை வளையம். விரலால் தேய்த்தாலும் போகாது. இரண்டாவது, சரித்துப் பிடித்தால் மட்டும் தெரியும் ஒரு மங்கல் வட்டம். மூன்றாவது எங்கே வைத்தேன் என்று எனக்கே தேட வேண்டியிருக்கும்.

2019இல் தனியாகத் தொடங்கியபோது என்னிடம் ரெசின் மட்டும்தான் இருந்தது. குழாய்த் தண்ணீரை நேரே ரெசின் சிலிண்டருக்குள் விட்டால் மறுபக்கம் 000. மின்சாரம் வேண்டாம், கழிவுத் தண்ணீர் இல்லை, சத்தம் இல்லை. ரெசின் மணிகளில் ஒரு வகை கல்சியம் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஐதரசனை விடும். மற்ற வகை குளோரைட், சல்பேட் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஐதரொக்சைட்டை விடும். இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். அருமையான வேலைதான், ஆனால் மணிகள் நிறைந்துவிட்டால் கதை முடிந்தது. 300 பிபிஎம் தண்ணீருக்கு 25 லிட்டர் ரெசின் பை ஒன்று ஏறத்தாழ 2,000 லிட்டர்தான் தாக்குப்பிடித்தது. ஒரு வீட்டுக்கு 20, 25 லிட்டர் போகும்; நாளுக்கு 450 லிட்டர், ஐந்து நாள் வேலை. அதாவது கிழமைக்கு ஒரு பை, ஒவ்வொன்றும் 75 பவுண்ஸ். தண்ணீர் மென்மையான (சுண்ணாம்பு குறைந்த) ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு ரெசின் மட்டுமே போதும். லண்டனில் அது காசைக் குழாயில் ஊற்றுவதுதான். ரெசின் முடியும் தறுவாயில் மீன் நாற்றம் போல ஒன்று வரும், அது வந்துவிட்டால் மீட்டரைப் பார்க்கவே தேவையில்லை.

2020 ஜனவரியில் ஆர்ஓ வாங்கினேன். 4040 மெம்பிரேன், அதாவது 4 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் கொண்டது. முன்னால் 5 மைக்ரோன் பில்டர், அடுத்து காபன் பில்டர், அழுத்தத்துக்கு ஒரு பூஸ்டர் பம்ப். காபன் பில்டரில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மெம்பிரேனைத் தின்றுவிடும், தின்றதைத் திருத்த வழியில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, நல்லாயிருக்கிறதோ இல்லையோ, இரண்டு பில்டரையும் மாற்றிவிடுகிறேன். உள்ளே போகும் 310, வெளியே 9ஆக வருகிறது. அந்த 9ஐ ரெசின் 000 ஆக்குகிறது. கிழமைக்கு ஒன்று போன ரெசின் பை இப்போது ஆறு ஏழு மாதம் வருகிறது.

குளிர்காலம் பற்றி வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீர் குளிரக் குளிர மெம்பிரேன் வழியாக மெதுவாகத்தான் போகும். ஒரு பாகை குறைந்தால் உற்பத்தி ஏறத்தாழ 3 சதவீதம் விழும். ஓகஸ்டில் மணிக்கு 220 லிட்டர் தரும் அதே இயந்திரம், குழாய்த் தண்ணீர் 6 பாகையில் வரும் பெப்ரவரியில் 120தான் தருகிறது. காலையில் எழும்பி வானை நிரப்பிக்கொண்டு போகலாம் என்ற கணக்கு அதோடு சரி. இரவு முழுக்க ஓடவிட்டு எங்கேயாவது சேர்த்து வைத்தே ஆக வேண்டும். ஆர்ஓ வாங்க மூன்று மாதம் விசாரித்தவன், தாங்கியை ஒரு பின்னேரத்தில் வாங்கினேன். அங்கேதான் பிழை விட்டேன்.

பழைய 1,000 லிட்டர் ஐபிசி தாங்கி ஒன்று, இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக். கராஜுக்குள் இடம் இல்லாததால் வெளியே சுவரோரம் வைத்தேன். மார்ச் 23ஆம் திகதி கொரோனா ஊரடங்கு வந்தது. வீட்டில் வயதான மாமி இருந்ததால் வேலையை முழுதாக நிறுத்திவிட்டேன். தாங்கி முக்கால்வாசி நிறைந்தபடியே நின்றது. அந்த மே மாதத்தைப் போல வெயில் அடித்த மாதம் பிரித்தானியாவின் பதிவிலேயே இல்லை. ஏழு கிழமை கழித்து மூடியைத் திறந்தால் குளத்து மணம். கையை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினேன், விரலில் பச்சையாக வழுவழுவென்று ஒட்டியது. மீட்டரை விட்டுப் பார்த்தேன்: 010.

அந்த எண்ணைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். டிடிஎஸ் மீட்டர் உண்மையில் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை அளந்து, அதை பிபிஎம் ஆக மாற்றிக் காட்டுகிறது. பாசி மின்சாரம் கடத்தாது, அதனால் மீட்டருக்கு அது தெரியாது. எண் சுத்தமாக இருந்தால் தண்ணீரும் சுத்தம் என்று அதுவரை நம்பியிருந்தேன். அதோடு, குளோரினை எடுத்துவிட்ட தண்ணீருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள எதுவும் இல்லை. குழாய்த் தண்ணீரைக் காப்பாற்றுவதே நாங்கள் காபன் பில்டரில் பிடித்து எறியும் அந்தக் குளோரின்தான். சுத்தம் செய்த தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிடச் சீக்கிரம் கெடும். தயாரிப்பதில் காட்டும் கவனத்தில் பாதியையாவது வைத்திருப்பதில் காட்டவில்லை என்றால் போட்ட காசு வீண்.

தாங்கியைப் பிளீச் போட்டுக் கழுவினேன். பிளீச்சும் உப்பைத்தான் விட்டுப் போகும், அதனால் மீட்டர் இறங்கும் வரை மூன்று தடவை அலச வேண்டியிருந்தது. அதன் பிறகு கறுப்பு உறை தைத்துப் போட்டேன். வெளிச்சம் இல்லையென்றால் பாசி இல்லை. அடுத்த வருடம் கராஜில் இருந்த பழைய தளபாடங்களை ஒதுக்கிவிட்டுத் தாங்கியை உள்ளே கொண்டுபோனேன். பொருத்தும் பித்தளை இணைப்புகளையும் கழற்றிவிட்டேன். சுத்தத் தண்ணீர் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தனக்குள் எடுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக்தான் பாதுகாப்பு.

நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற கிருமியையும் சொல்ல வேண்டும். 20 முதல் 45 பாகை வரையான தேங்கிய தண்ணீர் அந்தக் கிருமிக்கு மிகவும் பிடிக்கும். நாங்களோ அந்தத் தண்ணீரைத் தெளித்துத் தூவானமாக்கி, அதற்குக் கீழேயே நின்று மூச்சு விடுகிறோம். தனியாளாகத் தொழில் செய்தாலும் இந்த ஆபத்தைக் கணித்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இங்குள்ள நடைமுறை. கோடையில் வெயிலில் நிறுத்திய வானுக்குள் இருக்கும் தாங்கி எவ்வளவு சுடும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வான் தாங்கியையும் சுருள் குழாயையும் முழுதாக வடித்துவிடுகிறேன். 50 லிட்டர் வீண் போனால் போகட்டும்.

ரெசினை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. பலர் ஆர்ஓவுக்கு அடுத்து ரெசின், அதற்குப் பிறகு தாங்கி என்று வைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன். இப்போது தாங்கியில் 9 பிபிஎம் தண்ணீரைச் சேர்த்து, வானுக்கு ஏற்றும்போதுதான் ரெசின் வழியாக விடுகிறேன். மெம்பிரேன் கொஞ்ச நேரம் ஓடாமல் நின்றால் உப்புப் பக்கத்திலிருந்து நல்ல பக்கத்துக்கு உப்பு மெல்லக் கசிந்துவிடும். மறுபடி போடும்போது முதல் சில நிமிடத் தண்ணீர் 40, 50 என்று வரும். அதை வெளியே விட மறந்தாலும் இந்த ஒழுங்கில் பிறகு ரெசின் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, கரியமில வாயு மெம்பிரேனைத் தாண்டி வந்து ரெசினை வீணாகத் தின்னும். தாங்கியில் ஒரு இரவு நின்றால் அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. ஆனால் ஏற்றும் பம்பை மெதுவாக ஓட்ட வேண்டும். அவசரப்பட்டால் தண்ணீர் ரெசினுக்குள் வழி வெட்டிக்கொண்டு ஓடிவிடும்.

2021இல் ஒரு மெம்பிரேனைக் கொன்றேன். நல்ல தண்ணீரோடு கழிவுத் தண்ணீரும் ஓடுவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. கிணற்றில் கப்பியால் இழுத்து வாளியில் குளித்து வளர்ந்தவனுக்கு, வடிகாலில் தண்ணீர் ஓடும் சத்தமே நோகும். கழிவு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மூன்று பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு கழிவு என்று கொண்டுவந்தேன். அந்தக் கழிவுதான் சுண்ணாம்பை வெளியே கொண்டுபோகிறது என்பது நாலு மாதத்தில் விளங்கியது. 9 என்றிருந்தது 24 ஆனது, வரும் தண்ணீர் பாதியானது. சித்திரிக் அமிலம் கரைத்து ஓடவிட்டேன், ஓரளவு மீண்டது, முழுதாக மீளவில்லை. கேத்திலின் அடியில் இருந்த அதே படை மெம்பிரேனுக்குள். இப்போது 2 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 3 லிட்டர் கழிவு விடுகிறேன். கழிவை இன்னொரு தாங்கியில் பிடிக்கிறேன். அதில் 500 பிபிஎம்முக்கு மேல் இருக்கும், யன்னலுக்கு ஆகாது. தோட்டத்துக்கும் வான் சில்லுகள் கழுவவும் மனிசி வாளியில் எடுத்துப் பயன்படுத்துகிறாள். 2022 ஓகஸ்டில் இந்தப் பக்கமெல்லாம் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றியே பேச்சாக இருந்தபோது எங்கள் கத்தரியும் மிளகாயும் அந்தத் தண்ணீரில்தான் தப்பின.

அதே வருடம் டிசம்பர் நடுப்பகுதியில் லண்டனில் பனி கொட்டியது. கராஜுக்குள்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு காலை பம்பின் தலை வெடித்து, மெம்பிரேன் குழாயின் மூடி பிளந்திருந்தது. அதற்குள் இருந்த தண்ணீர் பனிக்கட்டியாக நீண்டு தெரிந்தது. எல்லாம் சேர்த்து 400 பவுண்ஸுக்கு மேல் போனது. இப்போது 5 பாகைக்கு இறங்கினால் தானாக இயங்கும் சிறிய குழாய் ஹீட்டர் ஒன்று கீழே இருக்கிறது, அது 30 பவுண்ஸ் கூட இல்லை.

தாங்கி நிறைந்ததும் தானாக நிற்கும் மிதவை வால்வை முதல் நாளே போட்டுவிடுங்கள். "பத்து நிமிஷத்தில பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு நித்திரையாகாத மனிதன் இல்லை.

ஊருக்குப் போகும் நாட்கள் எனக்கு இன்னும் சிக்கல்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு நாலு கிழமை போனால் தாங்கியைக் காலி செய்து காய விடலாம். மெம்பிரேனைக் காய விட முடியாது, காய்ந்தால் போச்சு. தங்கச்சியின் மகன் கிழமைக்கு ஒரு தடவை வந்து பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் போவான். போன வருடம் லண்டனிலிருந்து வட்ஸ்அப்பில் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பி, "மாமா, 38 காட்டுது, பழுதாப் போச்சோ?" என்று கேட்டான். நான் நல்லூர் வீதியில் நின்று, "இல்லையடா, அஞ்சு நிமிஷம் விட்டுட்டுத் திரும்பப் பார்" என்றேன். ஆறாவது நிமிடம் 010 என்று படம் வந்தது.

கண்ணாடியில் புள்ளி வந்தால் உடனே தண்ணீரைக் குறை சொல்லவும் வேண்டாம். புது வீட்டுக்கு முதல் தடவை போகும்போது யன்னல் சட்டத்தின் மேல்விளிம்பிலும் காற்றுத் துவாரங்களிலும் வருடக்கணக்கான தூசி இருக்கும். அலசிவிட்டு நீங்கள் வானை எடுப்பதற்குள் அங்கிருந்து வடிந்து கோடு விழும். முதல் தடவை அந்த மேல்பகுதியை மட்டும் தனியாகத் தேய்த்து, கொஞ்சம் வடிய விட்டுப் பிறகு கண்ணாடிக்கு வாருங்கள். 000 தண்ணீர் வைத்துக்கொண்டே இதற்காக நான் மூன்று வீட்டுக்குத் திரும்பப் போயிருக்கிறேன்.

இப்போது ஓடும் மெம்பிரேனை 2023 ஜனவரியில் போட்டேன். நேற்றிரவு மீட்டரில் 012. 020ஐத் தொட்டால் மாற்றுவதாக இருக்கிறேன். புதியது உறை பிரிக்காமல் கராஜ் தட்டில், ஹீட்டருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.