ரைபிளா, பிஸ்டலா? பத்து மீட்டர் கோட்டில் ஓர் ஒப்பீடு

பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதற்குள் இருப்பவை இரண்டு விளையாட்டுகள்: ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல். இரண்டிலும் 4.5 மில்லிமீட்டர் தட்டைத்தலைக் குண்டுதான். இரண்டிலும் நின்றபடி 60 முறை சுட வேண்டும். மின்னணு இலக்கு என்றால் 75 நிமிடம், காகித அட்டை என்றால் 90 நிமிடம். 2017 வரை பெண்களுக்கு 40 முறைதான் இருந்தது. அந்த வேறுபாடும் இப்போது இல்லை. இவ்வளவு ஒற்றுமை இருந்தும், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் விதிமாற்றங்கள் இரண்டையும் வெகுதூரம் பிரித்துவிட்டன. கோலாலம்பூரிலும் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பிள்ளைகளைப் புறப்பாட நடவடிக்கையாக இதில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் எதைத் தேர்வது என்று கேட்டால், பிஸ்டல் என்றே சொல்வேன். ரைபிள்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

பிரிவினை தொடங்கியது புள்ளிக் கணக்கில். ரைபிள் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. அதையும் வீரர்கள் தவறாமல் அடிக்கத் தொடங்கினார்கள். 2000 ஜனவரியில் நம் லங்காவியில் நடந்த ஆசியப் போட்டியில் தாய்லாந்தின் தேவரித் மச்சாச்சீப் 600-க்கு 600 எடுத்தார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2008-இல் அதே எண்ணைத் தொட்டார். முழுப் புள்ளியே கைக்கு எட்டிவிட்ட பிறகு முதலிடத்தை எப்படிப் பிரிப்பது? 2013-இல் ரைபிள் தகுதிச் சுற்றுக்குத் தசமக் கணக்கு வந்தது. ஒரு குண்டுக்கு உச்சம் 10.9, மொத்தம் 654. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்தார், பத்தாம் இடம்தான் கிடைத்தது, எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்று. சராசரியாக ஒவ்வொரு குண்டும் 10.5-க்கு மேல், அதாவது நடுப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள். அதுவும் போதவில்லை.

பிஸ்டல் பக்கம் இந்த நெருக்கடி வரவே இல்லை. அங்கே பத்தாம் வளையம் 11.5 மில்லிமீட்டர். ரைபிள் பொட்டோடு பார்த்தால் மைதானம்போலத் தோன்றும். ஆனால் ஒற்றைக் கையை நீட்டி, எந்தத் தாங்கலும் இல்லாமல் சுடுகிறவருக்கு அது பெரியதல்ல. தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 2009-இல் 594 எடுத்தார். 600-ஐ யாரும் தொட்டதில்லை. எனவே பிஸ்டல் தகுதிச் சுற்று இன்றும் முழு எண்களில்தான் நடக்கிறது. தசமம் இறுதிச் சுற்றில் மட்டும்.

இது கணக்குப் பிள்ளைகளின் விவகாரம் என்று ஒதுக்க முடியாது, ஏனென்றால் செலவு இங்கிருந்துதான் கிளம்புகிறது. ரைபிளில் 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டருக்காகப் போராடும்போது குண்டுப் பெட்டியின் தொகுதி எண்கூட முக்கியமாகிவிடுகிறது. துப்பாக்கியை இறுக்கிப் பூட்டி, ஒவ்வொரு தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, அந்தக் குழலுக்கு எது பொருந்துகிறது என்று தேர்ந்து, பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கிறார்கள். பிஸ்டலில் 0.1 என்பது 0.8 மில்லிமீட்டர், தொடக்கநிலை வீரரின் கை ஆட்டமோ சென்டிமீட்டர் கணக்கில். அவருக்கு நல்ல குண்டு எதுவானாலும் போதும்.

அடுத்தது உடை. ரைபிள் வீரர்கள் அணியும் கான்வாஸ், தோல் மேலங்கியும் காற்சட்டையும் முதுகுக்கும் இடுப்புக்கும் முட்டுக் கொடுப்பவை. எவ்வளவு தடிமன், எவ்வளவு விறைப்பு என்பதற்கெல்லாம் விதி உண்டு. ஓர் அடுக்கு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போட்டிக்கு முன் கருவி வைத்து அளப்பார்கள். குளிர்நாட்டில் பிறந்த இந்த உடை நம் ஊர் வெப்பத்தில் படுத்தும் பாடு சொல்லி மாளாது. குளிர்சாதனம் இல்லாத கூடத்தில் இருபதாவது குண்டுக்குள் பிள்ளை வியர்வையில் நனைந்திருக்கும். ஈரம் ஏறினால் துணியின் விறைப்பும் தளரும். பதின்மூன்று வயதில் அளவெடுத்து வாங்கியது பதினைந்து வயதில் தோளில் ஏறாது. கையுறையும் காலணியும் தனிச் செலவு. பிஸ்டல் வீரருக்கு ஒரு டி-சட்டை, தட்டையான காலணி போதும். பாரிஸில் துருக்கியின் யூசுஃப் திகேச் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு கலப்புக் குழுவில் வெள்ளி வென்ற படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தை வைத்து, பயிற்சியே தேவையில்லை என்பதுபோல் பேசியவர்களும் உண்டு. அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். அந்த அலட்சியமான நிற்புக்குப் பின்னால் இருக்கும் ஆண்டுகளைப் படம் காட்டாது.

மூன்றாவது காரணம் முழுக்க மலேசியக் காரணம். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். காவல்துறை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருக்க முடியாது. சில நாடுகளில் பிள்ளைகள் வீட்டுக் கூடத்திலேயே தினமும் வெறுந்துப்பாக்கியால் குறிபார்த்துப் பழகுகிறார்கள். இங்கே துப்பாக்கி, சுடும் சங்கத்தின் பெட்டகத்திலேயே இருக்கும். பிள்ளை வாரக் கடைசியில்தான் அதைத் தொடும். ரைபிளுக்கு இது பெரிய இழப்பு. இடுப்பில் முழங்கை ஊன்றுவதும், துப்பாக்கியின் பின்கட்டை தோளில் பொருந்துவதும், கன்னம் ஒரே இடத்தில் படிவதும் துப்பாக்கி கையில் இருந்தால்தான் பழகும். பிஸ்டலுக்கு வேண்டிய தோள் வலிமையையோ ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலை நீட்டிப் பிடித்து வீட்டிலேயே வளர்க்கலாம். சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டி, மூச்சை அடக்கி, கை நிலைக்கும் நேரத்தைக் கவனிக்கலாம். சட்டம் நினைத்துச் செய்யவில்லை, ஆனால் பிஸ்டலுக்குச் சாதகம் செய்துவிட்டது.

துப்பாக்கி எந்தக் காற்றில் இயங்குகிறது என்பதிலும் போக்கு மாறியிருக்கிறது. 1960களிலும் 70களிலும் சுருள்வில் காலம். அதன் உதைப்பை அடக்கவே பொறியாளர்கள் அரும்பாடுபட்டார்கள். பிறகு நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூடினால் ஒரு குண்டுக்கான காற்று சேரும் ஒற்றை அழுத்த வகை வந்தது. அடுத்து கரியமில வாயு. கடைசியில், 1990களிலிருந்து, 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய சிலிண்டர். இன்று உலக மேடையில் அதுவே நிலைத்துவிட்டது.

இவற்றில் கரியமில வாயுவை நம் ஊரில் மறந்துவிடலாம். 20 பாகை செல்சியஸில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 57 பார், 30 பாகையில் 72 பார். 31 பாகையைத் தாண்டினால் அது திரவமாக நிற்பதே இல்லை. காலையில் ஒரு வேகம், மதியம் வேறு வேகம் என்றால் புள்ளிகள் மேலும் கீழும் சிதறும். உண்மையான போட்டி ஒற்றை அழுத்தத்துக்கும் சிலிண்டருக்கும்தான். ஒற்றை அழுத்தத் துப்பாக்கிக்கு வெளியிலிருந்து எதுவும் வேண்டாம், வெப்பம் அவ்வளவாகப் பாதிக்காது, காற்றுக் கசியாமல் அடைக்கும் வளையங்களை மாற்றினால் பல்லாண்டு உழைக்கும். ஆனால் கையால் 60 முறை நெம்ப வேண்டும். சிறுவர்களுக்கு நாற்பதாவது குண்டில் கை நடுங்கிவிடும். சிலிண்டர் அந்தச் சுமையை நீக்குகிறது. பதிலுக்கு, நிரப்ப ஓர் இடம் கேட்கிறது. கைப்பம்பு கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றை அப்படியே உள்ளே தள்ளும். வடிகட்டி வறண்டதாக இல்லாவிட்டால் உள்ளே துருதான் மிஞ்சும். தியோமான், பெர்ஹெந்தியான் தீவுகளுக்கு முக்குளிக்க ஆட்களைக் கூட்டிச் செல்லும் கடைகளில் வறண்ட காற்றை நிரப்பிய பெரிய கலன் ஒன்றைச் சங்கம் வைத்துக்கொள்வது நல்லது. ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் நிரப்பக் கூடாது, வெடிக்கும். பயில்கிறவருக்கு ஒற்றை அழுத்தம், போட்டிக்குப் போகிறவருக்குச் சிலிண்டர் என்பது என் பிரிவினை.

சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையில் (ட்ரிகர்) மின்னணு வகையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அது மென்மையானது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடுபடும், உண்மை. ஆனால் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டலில் மின்னணுக் கோளாறு வந்து, சரிசெய்யப் பெரும் நேரம் போய், அவர் 12-ஆம் இடத்தில் முடித்ததை நினைவில் வையுங்கள். பழுது பார்க்கும் ஆளும் உதிரிப் பாகமும் அருகில் இல்லாத ஊரில் இயந்திர விசையே மேல். பிஸ்டல் விசையை இழுக்க எப்படியும் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவைப்பட வேண்டும் என்பது விதி; ரைபிளுக்கு அப்படி வரம்பில்லை. இறகுபோல் தொட்டால் விடுபடும் விசையின் ஆசையும் ரைபிள்காரர்களுக்கே அதிகம்.

இலக்கில் நிலைமை வேறு. ரைபிளுக்குக் காகித அட்டை இனிப் பற்றாது. துளையில் அளவுகோலைச் செருகிப் பத்தா ஒன்பதா என்று பார்க்கலாம், 10.3-ஆ 10.6-ஆ என்று கண்ணால் சொல்ல முடியாது. காகிதத்தில் பழகிய பிள்ளை 60-இல் 55 பத்துகள் அடித்து மகிழ்ந்துவிட்டு, மின்னணு இலக்கின் முன் நிற்கும்போதுதான் அவற்றில் பல 10.1, 10.2 என்று தெரியவரும். ஆக ரைபிள் பிரிவு தொடங்கும் சங்கம் மின்னணு இலக்குக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். பிஸ்டலுக்குக் காகிதம் தாராளமாகப் போதும், சில நேரம் அதுவே நல்லது. திரையில் ஒவ்வொரு குண்டின் எண்ணும் உடனே மின்னினால் பிள்ளை விசையை விட்டுவிட்டு எண்ணைத் துரத்தும். மின்னணு இலக்கு உள்ள கூடங்களிலும் பயிற்சியின்போது திரையை மூடிவைக்கச் சொல்வது நல்ல பழக்கம்.

ரைபிளுக்கும் நியாயம் உண்டு, மறைக்கவில்லை. அது சீக்கிரம் மகிழ்ச்சி தரும். எலும்பின்மேல் எடையை ஏற்றி நிற்கக் கற்றுக்கொண்ட பிள்ளை சில மாதங்களிலேயே பத்துகள் அடிக்கும். பிஸ்டலின் முதல் ஆண்டு ஏழும் எட்டுமாகத்தான் ஓடும். பாதிப் பேர் அப்போதே விலகிவிடுவார்கள். கை மெலிந்த பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு கிலோ பிஸ்டல் சுமையே. பள்ளியில் ஏற்கெனவே நல்ல ரைபிளும் மேலங்கியும் இருந்தால் அதைத் தள்ளிவிட்டுப் பிஸ்டல் தேடிப் போவதில் அர்த்தமில்லை. எட்டு மாதக் கர்ப்பத்தோடு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சுட்ட நூர் சூர்யானி ரைபிள் வீராங்கனைதான்; மலேசியப் பெண்களில் பலர் அந்தப் பக்கம் போனதற்கு அவர் ஒரு காரணமாக இருக்கலாம்.

பினாங்கு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் ரைபிள் ரேஞ்ச் என்றால் ஆயர் ஈத்தாமின் அடுக்குமாடி வீடுகள்தான் எல்லாருக்கும் தெரியும். பழைய சுடுகளத்தின் பெயர் மட்டும் மிச்சம். பிள்ளைக்கு இடம் தேடும்போது மாநிலச் சங்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

எங்கே சேர்ந்தாலும் முதல் நாளில் மூன்றைப் பாருங்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் ஆண்டு காலாவதியாகிவிட்டதா, ஏனென்றால் போட்டிச் சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுதான் ஆயுள். ஈயக் குண்டைத் தொட்ட பிள்ளைகள் கை கழுவ இடம் இருக்கிறதா. இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைப் பிடி இருக்கிறதா. மூன்றாவதைப் பெரும்பாலான சங்கங்கள் யோசிப்பதே இல்லை. பிஸ்டலில் மரப்பிடியை மட்டும் மாற்றினால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும், ரைபிளில் பெரும்பாலும் கட்டையையே மாற்ற வேண்டியிருக்கும்.