விரல் நகத்தில் கழலும் பேட்டரி: வீட்டாவை விற்றுவிட்டு பி.எஸ்.பி.யை வைத்துக்கொண்ட கதை

சோனியின் பழைய கையடக்க கேம் பெட்டிகள் இரண்டை எட்டு மாதம் மாற்றி மாற்றி விளையாடினேன். ஒன்று பி.எஸ்.பி. 3000. இன்னொன்று ஓலெட் திரையோடு வந்த முதல் மாடல் வீட்டா. இரண்டிலும் கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனியின் மென்பொருளுக்குப் பதிலாக ஆர்வலர்கள் எழுதியது), இரண்டிலும் ஏறக்குறைய ஒரே கேம்கள். ஒன்றுதான் வீட்டில் இருக்கலாம் என்று தீர்ப்பு வந்த அன்று வீட்டாவை விற்றேன்.

"ஏன் மாமா, ஸ்மார்ட்போனை வித்துட்டு நோக்கியா 1100-ஐ யாராவது வெச்சுக்குவாங்களா?" என்று அக்கா மகன் இன்னும் விடாமல் கேட்கிறான். அவனுக்குத் தெரியாமலே என் கட்சியை அவனே பேசிவிட்டான் என்பேன். அது ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதலில் வீட்டா எதிலெல்லாம் மேல் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திரை 5 அங்குலம், 960x544. பி.எஸ்.பி.யின் 480x272-க்கு நேர் இரட்டை. அதனால் அட்ரினலின் என்ற மென்பொருளைப் போட்டு பி.எஸ்.பி. கேமை ஓட்டினால் ஒரு புள்ளி நான்கு புள்ளியாகி, மங்காமல் நிற்கும். அட்ரினலின் பயன்படுத்துவது சோனி தானே வீட்டாவுக்குள் வைத்த பி.எஸ்.பி. வசதியைத்தான் என்பதால் வேகத்திலும் குறை கிடையாது. அனலாக் குச்சி இரண்டு. வீட்டாவின் சொந்த கேம்கள் தனி. ஆண்ட்ராய்டு கேம்களையே வீட்டாவுக்குக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டிய தி ஃப்ளோ, ரின்னேகடமான்டே போன்றவர்களின் வேலையைப் பார்த்தால் கைகூப்பத் தோன்றும். கேம் பாய் அட்வான்ஸ் விஷயத்திலும் வீட்டாதான். அதன் படம் 240x160. வீட்டாவில் சரியாக மூன்று மடங்கு போட்டால் 720x480, திரைக்குள் அழகாக அடங்கும். பி.எஸ்.பி.யில் இரண்டு மடங்கு போடவே உயரம் போதாது. ஒன்று தபால்தலை மாதிரி சின்னதாகப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இழுத்துவிட்டு லேசான மங்கலோடு சமாதானமாக வேண்டும். நான் சமாதானமானவன்.

பி.எஸ்.1 (சோனியின் முதல் பிளேஸ்டேஷன்) கேம்களில் இருவரும் சமம் என்பேன். பி.எஸ்.பி.க்குள் சோனியே எழுதிய பி.எஸ்.1 எமுலேட்டர் (வேறொரு பெட்டியின் கேமை இதில் ஓட வைக்கும் மென்பொருள்) உட்கார்ந்திருக்கிறது. 333 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் வெளியாள் எழுதிய எமுலேட்டர் அந்த அளவுக்கு ஓடுமா என்பது சந்தேகம்தான். கேமை பி.எஸ்.பி. படிக்கும் ஈபூட் வடிவத்துக்கு மாற்றி கேம் ஃபோல்டரில் போட்டால் போதும். பெரும்பாலான பி.எஸ்.1 கேம்களின் 320x240 படம் பி.எஸ்.பி. திரையில் அசல் அளவிலேயே கச்சிதமாக உட்காரும். பி.எஸ்.1 கன்ட்ரோலரில் இருக்கும் எல்2, ஆர்2 பட்டன்கள் இரண்டிலும் இல்லை. நின்டெண்டோ 64-க்காக பி.எஸ்.பி. வாங்க நினைத்தால் வேண்டாம், திக்கித் திணறும். சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், பழைய ஆர்கேட் எல்லாம் இரண்டிலும் போதும் போதும் என்கிற அளவுக்கு ஓடும்.

மாட் செய்யும் (அதாவது கஸ்டம் ஃபர்ம்வேர் போடும்) வேலையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் பி.எஸ்.பி.யை மாட் பண்ணுவது சடங்கு மாதிரி. பேண்டோரா பேட்டரி என்று ஒன்றைத் தயார் செய்து, அதைச் செருகி, உள்ளே இருக்கும் சர்வீஸ் முறையை எழுப்புவார்கள். அன்றைய கஸ்டம் ஃபர்ம்வேர்களை எழுதிய டார்க் அலெக்ஸ் பெயரைச் சொன்னாலே மரியாதை. 3000 மாடலில் அந்த வழியை சோனி அடைத்தது. 2009-இல் சிக்கன் என்ற ஹேக் வந்தபோது, ஒரு கோளாறான படக் கோப்பை போட்டோ மெனுவில் திறந்து, அது மாட்டிக்கொள்ளும்வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்தவர்கள் இருக்கிறார்கள். இன்று அதெல்லாம் இல்லை. சோனியின் அதிகாரபூர்வ 6.61 ஃபர்ம்வேருக்கு அப்டேட் செய்து, ஆர்க்-4 அல்லது ப்ரோ என்ற கஸ்டம் ஃபர்ம்வேரின் ஃபோல்டரை மெமரி கார்டில் போட்டு, கேம் மெனுவிலிருந்து ஓட்டினால் பத்து நிமிட வேலை. 3000-இல் முழுதாக அணைத்தால் கஸ்டம் ஃபர்ம்வேர் போய்விடும், ஸ்லீப்பில் போட்டால் இருக்கும். அதை நிரந்தரமாக்க இன்ஃபினிட்டி என்று ஒன்று உண்டு. முதல் நாளே போட்டுவிடுங்கள், காரணம் பேட்டரி பேச்சில் வரும்.

வீட்டாவில் படிகள் கொஞ்சம் கூடுதல். பிரௌசர் வழியாக ஹென்லோ என்ற ஹேக், பிறகு மோடோரு என்ற கருவியை வைத்து ஃபர்ம்வேரை 3.65-க்கு இறக்குவது, பிறகு ஹேக்கை நிரந்தரமாக்கும் என்ஸோ. அந்த வீட்டா தொழிற்சாலையிலிருந்து எந்த ஃபர்ம்வேரோடு வந்ததோ அதற்குக் கீழே இறக்க முடியாது. பிந்தைய 2000 மாடல்களை வாங்குகிறவர்கள் இதை விசாரித்துக்கொள்ளவும். என்னுடையது பழைய 1000 என்பதால் ஒரு மாலையில் முடிந்தது.

கேம்கள் எங்கிருந்து என்று கேட்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல்: கையில் யூ.எம்.டி. (பி.எஸ்.பி. கேம்கள் வந்த சின்ன டிஸ்க்) இருந்தால் பி.எஸ்.பி.யே அதை நகலெடுத்துக் கொடுக்கும். ஹோம் திரையில் செலக்ட் பட்டனை அழுத்தி, வரும் கஸ்டம் ஃபர்ம்வேர் மெனுவில் யு.எஸ்.பி. சாதனம் என்ற இடத்தில் யூ.எம்.டி.யைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரில் செருகினால் டிஸ்க் முழுவதும் ஒரே ஐ.எஸ்.ஓ. கோப்பாகத் தெரியும். இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். என்னிடம் இருந்த பதினோரு டிஸ்க்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எடுத்து முடித்தேன். டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாருக்கு வேலை போனதால் சார்ஜும் கூடுதல் நேரம் நிற்கிறது.

சேமிப்பில் இரண்டு பேருமே சோனியின் பிள்ளைகள், சோனியின் சொந்தக் கார்டுதான் கேட்பார்கள். பி.எஸ்.பி. கேட்பது மெமரி ஸ்டிக் ப்ரோ டுயோ. சென்னை ரிச்சி தெருவில் மைக்ரோ எஸ்.டி.யைச் செருகும் அடாப்டர் கேட்டு வாங்கினேன். கார்டைச் செருகி, பி.எஸ்.பி.யிலேயே ஃபார்மேட் செய்தேன், முடிந்தது. வீட்டாவின் சொந்த மெமரி கார்டு விலை அந்தக் காலத்திலேயே அநியாயம். அதற்கு மாற்று எஸ்.டி.2வீட்டா என்ற சின்ன அடாப்டர். அது உட்காரும் இடம் கேம் கார்டு போடும் ஓட்டை. ஆக, அசல் கேம் கார்டு வைத்திருப்பவர் அதை வெளியே எடுக்காமல் இதைப் போட முடியாது. ஒரு நாள் பஸ்ஸில் மடியிலிருந்து வீட்டா நழுவி விழுந்தது. கீறல்கூட இல்லை, ஆனால் திரும்பப் போட்டதும் ஹோம் திரையில் ஒரு கேம்கூட இல்லை. வயிறு கலங்கிவிட்டது. அடாப்டரின் காண்டாக்ட் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். எடுத்துத் துடைத்துப் போட்டதும் எல்லாம் வந்தன. அன்றிலிருந்து அந்த மூடியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம்.

இனி பேட்டரி. பத்து, பதினைந்து வருடப் பழைய பொருளை வாங்குகிறவர் திரையையும் பட்டனையும் சோதித்துப் பார்ப்பார். பேட்டரியை யாரும் பார்ப்பதில்லை. லித்தியம் பேட்டரி டப்பாவுக்குள் சும்மா இருந்தாலும் கிழடாகும். அதனால் "சீல் பிரிக்காத ஒரிஜினல்" என்று சொல்லி விற்கிற பேட்டரிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். என் பி.எஸ்.பி. வந்தபோது பின்மூடி ஒரு முனையில் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. மூடியைத் திறந்து பேட்டரியை மேஜையில் வைத்து விரலால் தட்டினேன், பம்பரம் மாதிரி சுற்றியது. தட்டையாக இருக்க வேண்டியது அப்படிச் சுற்றினால் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் செருகாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சரி, பேட்டரி இல்லாமலே சார்ஜரில் ஓட்டுவோம் என்று பார்த்தால் பி.எஸ்.பி. ஓடத்தான் செய்தது. ஆனால் 6.61 அப்டேட் மட்டும் ஆரம்பிக்கவே மறுத்தது. பேட்டரி இருக்க வேண்டும், அதில் போதிய சார்ஜும் இருக்க வேண்டும் என்று அடம். அப்டேட் இல்லாமல் மாட் இல்லை. நாலு நாள் பேட்டரி தேடி அலைந்த பிறகுதான் பத்து நிமிட வேலை நடந்தது.

ஆனால் அந்தப் பேட்டரியை மாற்ற எனக்கு என்ன தேவைப்பட்டது? கட்டைவிரல் நகம். மூடியை நகர்த்தி, நகத்தால் நெம்பி, புதியதைப் போட்டு, மூடியைத் தள்ளினால் ஆயிற்று. திருகு கிடையாது, பசை கிடையாது. பயணத்தில் இன்னொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஸ்லீப்பில் இருக்கும்போது கழற்றினால் மின்சாரம் அறுந்து, விளையாடிக்கொண்டிருந்த இடமும் போய்விடும், இன்ஃபினிட்டி போடாதவர்களுக்குக் கஸ்டம் ஃபர்ம்வேரும் போய்விடும். சேவ் செய்துவிட்டு அணைத்து மாற்றுங்கள்.

இந்த வசதி 1000, 2000, 3000 மூன்றுக்கும் உண்டு. பி.எஸ்.பி. கோ மாடலுக்கு இல்லை. அது பார்க்க அழகுதான், ஆனாலும் வேண்டாம். 1000-க்கு வந்த பேட்டரி 1800 எம்.ஏ.எச்., தடியானது. 2000, 3000-க்கு 1200, மெல்லியது. தடியானதை 3000-இல் போடலாம், உப்பிய பின்மூடி ஒன்று தனியாக வாங்க வேண்டும். கடைகளில் அதே மெல்லிய உருவத்தில் 3600 என்று அச்சடித்து விற்பார்கள். அந்தத் தடிமனுக்குள் அவ்வளவு அடங்காது. நான் வாங்கிய இரண்டு மாற்றுப் பேட்டரிகளில் ஒன்று மூன்றரை மணி நேரம் நிற்கிறது. மற்றதில் பெரிய எண் அச்சடித்திருந்தது, ஒரு மணி நேரம் தாண்டவில்லை. கையில் எடுத்தபோதே பழைய சோனி பேட்டரியைவிட லேசாகத்தான் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. 3000-ஐ மினி யு.எஸ்.பி. கேபிளிலும் சார்ஜ் செய்யலாம், செட்டிங்ஸில் அதை ஆன் செய்திருக்க வேண்டும்.

வீட்டாவின் பேட்டரி 2210 எம்.ஏ.எச்., நல்ல பேட்டரி. இருப்பது உள்ளே. பின்பக்கத்தைத் திருகு கழற்றித் திறக்கும்போது பின்புற டச் பேனலின் ரிப்பன் கேபிள் இரண்டு பாதியையும் பிடித்துக்கொண்டு நிற்கும். நிதானமாகச் செய்தால் முடியாத வேலை இல்லை என்று செய்தவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை, ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் கொடுத்தேன். பேட்டரி மாறி வந்தது. பின்புற டச் செத்து வந்தது. "அது ஏற்கெனவே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றார் கடைக்காரர். அதை நான் சோதித்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. எமுலேட்டர்களுக்குப் பின்புற டச் அவ்வளவாகத் தேவையில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் விற்கும்போது விலை பேசியவர் முதலில் தடவிப் பார்த்தது அதைத்தான்.

நோக்கியா 1100 பேச்சுக்கு வருகிறேன். அந்த போன் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் பி.எல்.-5சி பேட்டரி மட்டும் இன்னும் எந்த மூலைக் கடையிலும் கிடைக்கிறது. எஃப்.எம். ரேடியோப் பெட்டியிலும் பக்திப்பாடல் பெட்டியிலும் அதைத்தானே போடுகிறார்கள். பொருள் செத்தாலும் அதன் பேட்டரிக்கு வேறொரு பிழைப்பு இருந்தால் அந்தப் பொருளுக்கு ஆயுள் கெட்டி. இந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டால், என் பி.எஸ்.பி. ஜெயிக்காது என்பதும் உண்மை. ஜெயிப்பது நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டியான 3டிஎஸ். பழைய 3டிஎஸ்ஸுக்கும் 2டிஎஸ்ஸுக்கும் வரும் சி.டி.ஆர்.-003 பேட்டரியைத்தான் நின்டெண்டோ ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலரிலும் வைத்திருக்கிறார்கள். 2011-இல் வந்த பொருளின் பேட்டரி 2017-இல் வந்த பொருளிலும்! மாட் செய்வதிலும் பூட்9ஸ்ட்ராப், லூமா என்று நிரந்தரமான வழி இருக்கிறது.

அப்படியானால் அதை ஏன் வாங்கவில்லை? நண்பர் ஒருவரின் 2டிஎஸ்ஸை மூன்று வாரம் வைத்திருந்தேன், அவ்வளவுதான் என் அனுபவம். டிஎஸ் கேம்களுக்கு அதற்கு நிகர் இல்லை. ஆனால் நான் அதிகம் விளையாடுவது பி.எஸ்.1, அதைப் பழைய 3டிஎஸ் குடும்பத்தின் சிப் தாங்கவில்லை. நியூ 3டிஎஸ் தாங்கும் என்கிறார்கள், அதன் பேட்டரி வேறு. போக்கிமான் கட்சிக்காரர்கள் என் பேச்சைக் கேட்காமல் 2டிஎஸ் வாங்கிக்கொள்ளலாம்.

மியூ மினி, ஆன்பர்னிக் என்று புதிதாக வருகிற சீனப் பெட்டிகளைப் பற்றியும் கேட்பீர்கள். மாட் பண்ணும் தொல்லையே இல்லை, பேட்டரியும் புதுசு, கேம் பாய் காலத்துக்கு அருமை. விலை குறைந்த மாடல்களில் பி.எஸ்.பி. கேம்கள்தான் இடறும். எனக்கு அவைதான் பாதி ஆசை என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுவிற்பனையில் வீட்டாதான் லாபம், சந்தேகமே வேண்டாம். நான் வாங்கிய விலைக்குக் கொஞ்சம்தான் குறைந்தது, அதுவும் அந்தச் செத்த டச்சால். பி.எஸ்.பி.யை விற்கப் பார்த்ததில்லை. வீட்டா விற்ற காசில் நல்ல பேட்டரி இன்னொன்றும் உப்பிய மூடியும் வாங்கினேன். மாற்றுப் பேட்டரி எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல எட்டு மாத அனுபவம் போதாது. இப்போதைக்குப் பாதி சார்ஜில் அலமாரியில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மேஜையில் சுற்றிப் பார்க்கிறேன். இன்னும் சுற்றவில்லை.