கிரேக்க வீட்டுச் சமையல்: மதியத் தவெர்னாவா, கிராமத்து விடுதியா?

கிரீஸுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் கம்பியில் குத்திச் சுட்ட சூவ்லாக்கி இறைச்சியும் ஃபெத்தா பாலாடைக்கட்டி சாலடும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள வீடுகளில் அன்றாடம் கொதிப்பது வேறு. பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய் போன்றவற்றைத் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தாராளமாக விட்டு மெல்ல வேகவைக்கும் 'லதேரா' வகைகள், தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளே அரிசி அடைத்துச் சுடும் 'யெமிஸ்தா', காட்டுக்கீரையை அவித்து எலுமிச்சை பிழிந்த 'ஹோர்தா' ஆகியவைதான் அந்தச் சமையல்.

இதைத் தேடுபவருக்கு முதல் வழி தவெர்னா எனும் எளிய உள்ளூர் உணவகம். பழைய பாணித் தவெர்னாக்களில் பாத்திரச் சமையல் காலையிலேயே முடிந்துவிடும். மதியம் இரண்டு மணி வாக்கில் போனால் வேண்டியது கிடைக்கும். இரவில் மிச்சம்தான். 'என்ன சமைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டால், பல இடங்களில் அடுக்களைக்கே கூட்டிப்போய் மூடியைத் திறந்து காட்டுவார்கள். லதேரா வெதுவெதுப்பாகத்தான் வரும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், அப்போதுதான் எண்ணெயும் காயும் சேர்ந்து ருசிக்கும். ஏதென்ஸின் வர்வாக்கியோஸ் சந்தைப் பக்கம் இத்தகைய கடைகள் உண்டு. படம் போட்ட பலகையைக் காட்டி வாசலில் கூப்பிடும் கடைகளை நான் தவிர்த்துவிடுவேன்.

இரண்டாவது வழி, கிரீட் தீவின் உள்நாட்டுக் கிராமங்களில் குடும்பங்கள் நடத்தும் விடுதிகள். அங்கே தேர்வுக்கு இடமில்லை. அன்று தோட்டத்தில் என்ன விளைந்ததோ அதுதான் சாப்பாடு. பஸ் வசதி குறைவு, வாடகைக் கார் இல்லாமல் சிரமம். ஆனால் விருந்தோம்பலில் தவெர்னா இதன் அருகில் வர முடியாது. சாப்பிட்டு முடித்ததும் பழத்தோடு ராக்கி என்ற திராட்சைச் சாராயம் வரும், அதற்குக் காசு கொடுக்க முனைந்தால் மனம் வருந்துவார்கள். இனிப்புக் கடையில் ஒரு பெட்டி வாங்கிப் போவதே அவ்வூர் மரியாதை. அக்டோபர், நவம்பரில் ராக்கி காய்ச்சும் இடத்துக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். கொப்பரையைச் சுற்றி ஊரே உட்கார்ந்து சாப்பிடும்.

சைவர்களுக்கு இரண்டு இடத்திலும் வழி உண்டு. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை கிடையாது. அந்த நோன்பு உணவை 'நிஸ்தீசிமா' என்று கேட்டு வாங்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கணவாயும் இறாலும் நோன்பில் அனுமதிக்கப்பட்டவை.

பயணிகளுக்கான சமையல் வகுப்புகள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பல வகுப்புகள் கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுடும் மூசாகாவைச் சுற்றியே நடக்கின்றன. அதன்மேல் வெள்ளைச் சாஸ் போடும் வழக்கம் 1920-களில் செலமெந்தேஸ் என்ற சமையற்கலைஞர் பரப்பியது. மூசாகா அன்றாட உணவும் அல்ல. ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவுக்கு இகாரியா தீவில் ஆட்டுக்கறி, ஒயின், விடிய விடிய நடனம் என்று ஊரே கூடும். கொண்டாட்டத்துக்கு அதற்கு இணையில்லை, ஆனால் வீட்டுச் சாப்பாடு தேடி அங்கே போக வேண்டாம்.

ஒரு வாரத்துக்குள் பல ஊர் பார்ப்பவர்களுக்கு மதியத் தவெர்னாவே சரி. நாள் இருப்பவர்கள் தீவு தீவாகத் தாவாமல் கிரீட்டில் ஒரே கிராமத்தில் தங்குங்கள். என் ஓட்டு அதற்குத்தான். ஆகஸ்டில் விடுதிக்காரர்களுக்கு உட்கார்ந்து பேச நேரமிருக்காது. ஹோர்தாவுக்காகப் போகிறீர்கள் என்றால் வசந்தகாலம், யெமிஸ்தாவுக்கு ஜூன் கடைசி.